இலை போடுகிறவர்களின் சங்கம்

சங்கம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மவர்களில் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டாகி விடுகிறது. வியாபாரிகள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் விலையை ஏற்றுவதற்காகத்தான் கூடுவார்கள் என்பதே அந்தச் சந்தேகம். அதிலும் ஹோட்டல் முதலாளிகளின் சங்கம் என்றால் கேட்கவே வேண்டாம். "சங்கத்தார் போன வாரம் கூடினார்களாம், இந்த வாரம் காப்பி விலை கூடி விட்டது!" என்று பத்திரிகை படிக்கிறவர் கூடத்திலிருந்து சொல்லுகிறார். "அப்படியானால் நாளை முதல் காப்பி வீட்டிலேதான்!" என்று சமையலறையிலிருந்து உடனே தீர்ப்பு வருகிறது. வழக்கு அத்துடன் முடிந்து போகிறது.

எதிர்வாதியின் கட்சியையும் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்வதல்லவா நியாயம்? ஹோட்டல்காரர்களின் சங்கம் அவர்களுக்கு என்ன செய்கிறது, எதைச் செய்ய அதனால் இயலவில்லை, இலைக்கு முன்னால் உட்காருகிற நமக்கு அதனால் லாபமா நஷ்டமா என்பவற்றை இந்த வாரம் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் தொழிலின் அளவைத் தெரிந்து கொள்வது நல்லது. என்.ஆர்.ஏ.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய தேசிய உணவகச் சங்கம் 2024-ம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசம் முழுவதிலும் உணவகத் தொழிலின் வருஷ வியாபாரம் ஏறக்குறைய 5.69 லட்சம் கோடி ரூபாய் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். 85 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இதில் உழைத்துப் பிழைக்கிறார்கள் என்றும் அந்த அறிக்கை சொல்லுகிறது. அதாவது, ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகை அளவுக்கு மனிதர்கள் நமக்காக மாவு அரைத்தும், இலை போட்டும், பாத்திரம் துலக்கியும் வருகிறார்கள்.

இவ்வளவு பெரிய எண்களைக் கண்டு, ஹோட்டல் முதலாளிகள் எல்லோரும் குபேர சம்பத்துள்ளவர்கள் என்று நினைத்து விடக் கூடாது. இத்தொழிலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி சிறு கடைகளைச் சேர்ந்தது. எட்டு மேஜையும், பத்துச் சிப்பந்திகளும், ஒரு கல்லாப்பெட்டியுமே அங்கே மூலதனம். அத்தகைய கடையின் முதலாளி விடியற்காலை நாலு மணிக்குப் பால்காரருக்காகக் கதவைத் திறக்கிறார்; இரவு பதினோரு மணிக்குக் கணக்கை மூடுகிறார். இடைப்பட்ட நேரத்தில் அவர் சமையல் மேற்பார்வையாளராகவும், குமாஸ்தாவாகவும், வரிக்கணக்கராகவும், சில சமயங்களில் வக்கீலாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. நல்ல சாம்பார் வைக்கத் தெரிந்த ஒருவருக்கு இத்தனை வித்தைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இங்கேதான் சங்கம் வந்து சேருகிறது.

இந்தியாவில் இத்தகைய ஸ்தாபனங்கள் பல இருக்கின்றன. ஹோட்டல்களும் உணவகங்களும் சேர்ந்த பிராந்திய சங்கங்கள் நான்கும் ஒன்றுபட்டு 1955-ம் வருஷத்தில் ஓர் அகில இந்திய சம்மேளனத்தை ஏற்படுத்தின. எப்.எச்.ஆர்.ஏ.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். தங்கும் அறைகள் இல்லாமல் உணவு மட்டுமே விற்பவர்களின் பிரச்னைகள் வேறு வகையானவை. அவற்றைக் கவனிக்கும் என்.ஆர்.ஏ.ஐ. 1982-ம் வருஷத்தில் தோன்றியது. டில்லியில் தலைமை ஸ்தானமும், சென்னை உள்படப் பல நகரங்களில் கிளைகளும் அதற்கு உண்டு. இவையன்றி, தமிழ்நாட்டு ஹோட்டல்காரர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. ஜில்லா தோறும் ஊர்தோறும் சிறு சங்கங்களும் இருக்கின்றன. அங்கத்தினர்கள் சந்தா கட்டுகிறார்கள், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தொல்லை வரும்போது வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

தொல்லைகளில் முதலாவது லைசென்ஸ் தொல்லை. ஒரே சமையலறைக்கு எத்தனை அதிகாரிகள்! உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஓர் அனுமதி. நகர சபையின் வியாபார அனுமதி ஒன்று. தீயணைப்பு இலாகாவின் சான்று ஒன்று. டில்லியில் இவை போதாவென்று போலீஸ் இலாகாவின் லைசென்ஸும் நெடுங்காலம் வேண்டியிருந்தது. தோசை வார்ப்பதற்கும் போலீஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஜனங்கள் கூடும் இடம் எதுவானாலும் அதைப் போலீஸார் கண்காணிக்க வேண்டும் என்பது அந்நிய ஆட்சிக் காலத்திலிருந்து வந்த கொள்கை. ஆட்சி போயிற்று, கொள்கை மாத்திரம் கோப்புக்குள் பத்திரமாக இருந்தது. 1978-ம் வருஷத்து டில்லி போலீஸ் சட்டத்திலும் அது இடம் பெற்றது.

இந்த ஏற்பாட்டை நீக்க வேண்டும் என்று உணவகச் சங்கத்தார் வருஷக் கணக்காக மன்றாடி வந்தார்கள். மகஜர்கள் கொடுத்தார்கள், அதிகாரிகளைச் சந்தித்தார்கள், மந்திரிகள் மாறிய போதெல்லாம் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்கள். கடைசியில் 2025-ம் வருஷம் ஜூன் மாதம், ஹோட்டல்கள், உணவகங்கள் முதலிய ஏழு வகைத் தொழில்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் டில்லிப் போலீஸாரிடமிருந்து எடுக்கப்பட்டது. எட்டு மேஜைக் கடைக்காரர் ஒருவர் தனியாக எத்தனை தரம் நடந்தாலும் இந்தக் காரியம் ஆகியிருக்குமா? அவர் ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கல்லாவில் ஆள் இல்லை. சங்கத்தின் முதல் உபயோகம் இதுதான்: அங்கத்தினர் கடையில் இருக்க, அவருக்குப் பதிலாக அது நடக்கிறது.

இரண்டாவது உபயோகம் விஷயத்தை விளக்கிச் சொல்வது. ஜி.எஸ்.டி. வரி 2017-ம் வருஷம் ஜூலை மாதம் வந்தபோது, குளிர்சாதனம் இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், குளிர்சாதனம் உள்ளதற்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். அதே வருஷம் நவம்பர் 15-ந் தேதியிலிருந்து அது 5 சதவீதமாக மாறிற்று. கூடவே வேறு நிபந்தனையும் வந்தது. நாலரை மாதத்துக்குள் இரண்டு முறை! பில் போடும் யந்திரத்தை மாற்றி, விலைப் பட்டியலைத் திருத்தி, வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லி மூச்சு விடுவதற்குள் அடுத்த உத்தரவு வந்து விடுகிறது. உணவுப் பாதுகாப்பிலும் அப்படியே. உணவைக் கையாளும் சிப்பந்திகள் இருபத்தைந்து பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அந்த விதி இருப்பதையும், பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதையும் சிறு கடைக்காரருக்கு எளிய பாஷையில் யார் சொல்வது? சங்கத்திலிருந்து வரும் சுற்றறிக்கைதான் சொல்ல வேண்டும்.

கொள்ளை நோய்க் காலத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020-ம் வருஷம் மார்ச் 25-ந் தேதி தேசமே கதவடைத்தது. ஜூன் 8-ந் தேதிக்குப் பிறகுதான் ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று படிப்படியாக உத்தரவாயிற்று. இடையில் அடுப்பு எரியவில்லை. வாடகை மாத்திரம் எரிந்து கொண்டிருந்தது. மூடிய கடைக்கு வாடகை கொடுக்க வேண்டுமா, சிப்பந்திகளின் சம்பளத்துக்கு என்ன வழி, கட்டட உரிமையாளரிடம் எந்த ஷரத்தைக் காட்டிப் பேசுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் சங்கங்கள் வக்கீல்களைக் கொண்டு ஆலோசனை சொல்லின. இருந்தும் சேதம் பெரியது. என்.ஆர்.ஏ.ஐ. பிற்பாடு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கால்வாசி உணவகங்கள் மறுபடி திறக்கவே இல்லை. எல்லோரையும் காப்பாற்றும் சக்தி எந்தச் சங்கத்துக்கும் இல்லை. ஆயினும், இருட்டில் தனியாக இருப்பதற்கும் நாலு பேருடன் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இனி, தற்காலத்தின் பெரிய சண்டைக்கு வருவோம். கைபேசியில் விரலை வைத்தால் இட்லி வீட்டு வாசலுக்கு வந்து விடுகிறது. நமக்கு அது வசதி. கடைக்காரருக்கு அது என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது நம் தொழிலாகையால் நேயர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும். எண்களை உதாரணத்துக்காகவே வைத்துக் கொள்கிறோம்.

ஓர் உணவுப் பொட்டலத்தின் விலை நூறு ரூபாய். அதில் அரிசி, பருப்பு, எண்ணெய் முதலிய சாமான்களுக்கு 35 ரூபாய். சம்பளம், வாடகை, காஸ், மின்சாரம் எல்லாவற்றுக்கும் 50 ரூபாய். கடைக்கு வந்து வாங்குகிறவரிடம் முதலாளிக்கு 15 ரூபாய் மிஞ்சுகிறது. அதே பொட்டலம் செயலி மூலம் போகும்போது, கம்பெனிக்குக் கமிஷன் 25 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத வரி 4 ரூபாய் 50 காசு. கைக்கு வருவது 70 ரூபாய் 50 காசு. செலவு 85. ஆகவே 14 ரூபாய் 50 காசு நஷ்டம்!

அப்படியானால் அவர் ஏன் அதில் சேருகிறார்? காரணம் இருக்கிறது. வாடகையும் சம்பளமும் விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டியவை. சும்மா எரிகிற அடுப்பில் இன்னும் நாலு தோசை வார்த்தால் சாமான் செலவு போக ஏதோ மிஞ்சுமே என்று அவர் எண்ணுகிறார். கடைக்கு வராத புதிய மனிதர்கள் வாங்கும் வரையில் அந்த எண்ணம் சரியே. ஆனால் நாளடைவில், தினமும் கடைக்கு நடந்து வந்தவர்களே செயலிக்கு மாறி விடுகிறார்கள். அப்பொழுது வாடகையையும் சம்பளத்தையும் அந்த 70 ரூபாய் 50 காசிலிருந்துதான் கொடுக்க வேண்டும். விலையை ஏற்றினால் நாம் முகம் சுளிக்கிறோம். விலகினாலோ, அடுத்த கடைக்காரர் விலகாமல் இருந்து நம்மை இழுத்துக் கொள்கிறார். தனி மனிதனுக்கு எந்தப் பக்கமும் கதவு இல்லை.

எல்லோரும் சேர்ந்து விலகினால்? 2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பரீட்சை நடந்தது. உணவகங்களில் வந்து சாப்பிடுகிறவர்களுக்குச் செயலிக் கம்பெனிகள் அளவுக்கு மீறிய தள்ளுபடிகளை அறிவித்து, அதன் பாரத்தைக் கடைக்காரர் தலையில் வைத்தன. சுதந்திர தினத்தை ஒட்டி, என்.ஆர்.ஏ.ஐ.யின் தலைமையில் நூற்றுக்கணக்கான உணவகங்கள் அந்தத் தள்ளுபடித் திட்டங்களிலிருந்து ஏககாலத்தில் வெளியேறின. அதுவரையில் கடைக்காரர்களுக்குக் காது கொடாத கம்பெனிகள் பேச்சு வார்த்தைக்கு வந்தன. ஸொமாட்டோ கம்பெனி தன் திட்டத்தின் நிபந்தனைகளைச் சற்றுத் திருத்திக் கொண்டது. பூரண வெற்றி என்று சொல்ல முடியாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதைக் கடைக்காரர்கள் அறிந்து கொண்டார்கள். பல கை தட்டினால் வரும் என்பதைக் கம்பெனிகள் அறிந்து கொண்டன.

2021-ம் வருஷம் ஜூலை மாதம் அதே சங்கம் இந்தியப் போட்டிக் கமிஷனிடம் ஸொமாட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் புகார் செய்தது. 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதம் கமிஷன் விசாரணைக்கு உத்தரவிட்டது. புகாரில் கண்ட எல்லா அம்சங்களையும் கமிஷன் ஏற்றுக் கொண்டு விடவில்லை. 'வேறிடத்தில் எம் விலையை விடக் குறைவாக விற்கக் கூடாது' என்பது போன்ற நிபந்தனைகளும், சில கடைகளுக்கு மட்டும் விசேஷ சலுகை காட்டப்படுகிறதா என்ற கேள்வியுமே ஆராயத் தக்கவை என்று அதற்குத் தோன்றின. இத்தகைய வழக்கை நடத்த எத்தனை வக்கீல்கள், எத்தனை கட்டுக் காகிதங்கள், எத்தனை வருஷங்கள் வேண்டும்! எட்டு மேஜைக்காரர் கட்டும் சந்தாவில் ஒரு ரூபாய் அந்தக் காகிதக் கட்டில் இருக்கிறது என்று நினைத்தால், சந்தா வீண் போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

டில்லியில்தான் இதெல்லாம் நடக்கும் என்பதில்லை. நம் நாமக்கல்லில் ஹோட்டல் உரிமையாளர்கள் கூடி, கமிஷன் பாரம் தாங்கவில்லை என்று காரணம் காட்டி, 2025-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் இவ்விரு செயலிகளின் மூலமும் விற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். ஒரு ஜில்லா நகரத்துச் சங்கம் இரண்டு பெரிய கம்பெனிகளைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவை, தீர்மானம் எழுதிய அந்த ஒரு காகிதம் கொடுத்தது.

துணிவைப் பற்றிப் பேசும்போது கோயம்புத்தூர்ச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அங்கே நிதி மந்திரி கலந்து கொண்ட கூட்டத்தில், தமிழ்நாட்டு ஹோட்டல்காரர்களின் சார்பாக முதிய பிரமுகர் ஒருவர் எழுந்து பேசினார். இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு வேறு வரி. பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீமை வைத்தால் 18 சதவீதம்! கிரீமையும் பன்னையும் தனித்தனியே கொடுங்கள், நாங்களே வைத்துக் கொள்கிறோம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லுகிறார்கள் என்று அவர் எடுத்துரைத்ததும் சபையில் சிரிப்பு எழுந்தது. பிறகு அவர் மந்திரியைத் தனியே சந்தித்து வருத்தம் தெரிவிக்கும் காட்சி வெளியாகி, தேசம் முழுவதும் சர்ச்சையாயிற்று.

அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நாம் இங்கே அளக்கப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பன்னுக்கும் கிரீமுக்கும் உள்ள வரி விவகாரம் நாட்டில் உள்ள ஒவ்வொரு பேக்கரிக்காரருக்கும் தெரிந்தே இருந்தது. அதைச் சபையில் எழுந்து சொல்லும் உரிமை, ஒரு தொழிலின் பிரதிநிதியாக நின்றவருக்கே கிடைத்தது. 2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் கார வகைகள், கேக், பிஸ்கோத்து முதலியவற்றின் வரியும் 5 சதவீதத்துக்கு இறங்கின. ஒரு மனிதரின் ஒரு கேள்வியால் இது நடந்தது என்று சொல்வது மிகையாகும். கேட்காத கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை என்று மாத்திரம் சொல்லி வைப்போம்.

இவ்வளவு தூரம் எதிர்வாதியின் கட்சியைக் கேட்டோம். இனி மறு பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? சங்கங்கள் தோற்ற இடங்களும் உண்டு. அந்த இடங்களை ஒன்று சேர்த்துப் பார்த்தால், அவற்றிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது.

முதலாவது, வரி விஷயம். சற்று முன் சொன்ன 5 சதவீத வரியுடன் வந்த நிபந்தனை என்னவென்றால், உணவகங்கள் தாங்கள் வாங்கும் பொருள்களுக்கும் கொடுக்கும் வாடகைக்கும் செலுத்திய வரியைக் கழித்துக் கொள்ளக் கூடாது என்பது. வாடகைக்கு 18 சதவீதம், கமிஷனுக்கு 18 சதவீதம், எல்லாம் கையை விட்டுப் போன பணந்தான். இந்தக் கழிவைத் திரும்பக் கொடுங்கள் என்று சங்கங்கள் அன்று முதல் கேட்டு வருகின்றன. சர்க்கார் அதை எடுத்துக் கொண்டதற்குச் சொன்ன காரணம் என்ன? கழிவின் பலனை உணவகங்கள் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதே! எல்லாக் கடைகளும் அப்படிச் செய்தன என்று நாம் நம்பவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு எழுந்தபோது, 'இல்லை, எங்கள் கடைக்காரர் விலையைக் குறைத்தார்' என்று சாட்சி சொல்லச் சாப்பிடுகிறவர் யாரும் முன்வரவில்லை. அந்த மௌனத்தின் விலையை இன்றைக்கும் செலுத்தி வருகிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர்ப் புட்டியும் சேவைக் கட்டணமும். புட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கு அதிகமாக ஹோட்டல்களில் வாங்கலாமா என்ற வழக்கில், 2017-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சம்மேளனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஹோட்டலில் தண்ணீரை மட்டும் விற்பதில்லை. உட்கார இடமும், உபசாரமும், சூழ்நிலையும் சேர்ந்தே விற்கப்படுகின்றன என்ற வாதம் வென்றது. நல்லது. ஆனால் பெரிய உணவகங்கள் பலவற்றில் பில்லின் அடியில் சேவைக் கட்டணம் என்று 5 அல்லது 10 சதவீதம் தாமாகவே சேர்த்து விடுகிறார்கள். அது கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி விதி செய்தது. இரு சங்கங்களும் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. அந்த மாதத்திலேயே தடை கிடைத்தது. 2025-ம் வருஷம் மார்ச் 28-ந் தேதி தடை போயிற்று, வழக்கும் போயிற்று. கட்டாயமாக வசூலிப்பது சட்ட விரோதம், மனமுவந்து கொடுத்தால் வாங்கலாம் என்று தீர்ப்பாயிற்று. சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டது. அவை அப்பீல் செய்தன. அப்பீல் விசாரணையின்போது நீதிபதிகள் கேட்ட கேள்வியின் கருத்து இதுதான்: இருபது ரூபாய்த் தண்ணீருக்கு நூறு ரூபாய் வாங்கும்போதே உபசாரத்துக்கும் சூழ்நிலைக்கும் வாங்கி விடுகிறீர்களே, பிறகு உபசாரத்துக்கென்று தனிக் கட்டணம் எதற்கு?

2017-ல் வெற்றி தேடிக் கொடுத்த அதே வாதம் 2025-ல் எதிராளியின் கையில் ஆயுதமாகி விட்டதை நேயர்கள் கவனித்தீர்களா? சேவைக் கட்டணம் சிப்பந்திகளின் நன்மைக்காக என்று சங்கத்தார் சொன்னார்கள். இருக்கலாம். சிப்பந்திக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமே இல்லை. அப்படியானால் அதை விலைப் பட்டியலிலேயே சேர்த்து, தோசையின் விலை இவ்வளவு என்று முன்னாலேயே சொல்லி விடலாமே! சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொல்வது எந்த ஊர் விருந்தோம்பல்?

நாம் கண்ட பாடம் இதுதான். லைசென்ஸ் விஷயத்திலும், செயலிக் கம்பெனிகள் விஷயத்திலும், கிரீம் பன் விஷயத்திலும் சங்கத்தின் சொல் ஏறியது ஏன்? அங்கெல்லாம் கடைக்காரருக்கு நல்லது எதுவோ அதுவே சாப்பிடுகிறவருக்கும் நல்லதாக இருந்தது. போலீஸ் லைசென்ஸுக்குச் செலவான பணமும், கம்பெனியின் கமிஷனும், குழப்பமான வரியும் கடைசியில் நம் இலையிலிருந்துதான் போகின்றன. சேவைக் கட்டண விஷயத்தில் சங்கம் சாப்பிடுகிறவருக்கு எதிர்க் கட்சியில் போய் நின்றது. நின்றவுடனே அதன் பலம் பாதியாகி விட்டது. கூட்டத்தால் ஒரு சங்கத்துக்குக் குரல் உண்டாகிறது. அந்தக் குரலுக்கு மரியாதை உண்டாவது பொது ஜனங்களின் நம்பிக்கையால்.

ஆரம்பத்தில் சொன்ன சந்தேகத்துக்கும் இப்பொழுது பதில் சொல்லி விடலாம். சங்கம் கூடி எல்லாக் கடைகளுக்கும் ஒரே விலையை நிர்ணயித்தால், அது 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். கம்பெனிகளின் மீது எந்தச் சட்டத்தைக் காட்டிப் புகார் செய்தார்களோ, அதே சட்டம் சங்கத்தையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, காப்பி விலை கூடுவதற்குப் பாலையும், காஸையும், வாடகையையும் காரணம் சொல்லலாம். தீர்மானம் போட்டு ஏற்றினால் கோர்ட்டில் பதில் சொல்ல நேரிடும்.

சங்கத்தாருக்கு நம் யோசனை ஒன்று உண்டு. நிர்வாக சபைக் கூட்டத்தில் சாப்பிடுகிறவர்களின் பிரதிநிதி ஒருவருக்கும், பரிமாறுகிறவர்களின் பிரதிநிதி ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். வருஷத்தில் இரண்டு கூட்டங்களிலாவது அவர்கள் பேசட்டும். மந்திரியிடம் மகஜர் கொடுக்கப் போகும்போது அந்த இருவரும் கூட வந்தால், அந்த மகஜரைத் தள்ளி வைப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாயிராது. அங்கத்தினரல்லாத சிறு கடைகளையும், தள்ளு வண்டிக்காரர்களையும் மறக்க வேண்டாம். சங்கத்தின் உதவி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள்தாம் சந்தா கட்ட இயலாதவர்களாக இருக்கிறார்கள்.

நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் வந்தவுடன் அடித் தொகையை மட்டும் பார்க்காமல் நடு வரிகளையும் படியுங்கள். கேட்காமல் சேர்த்த கட்டணம் இருந்தால் மரியாதையாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதே சமயம், பக்கத்துத் தெருக் கடையிலிருந்து வாங்க வேண்டிய இட்லிக்குக் கைபேசியை எடுப்பதற்கு முன், கால் இருப்பதையும் சற்று நினைத்துக் கொள்ளுங்கள். நடந்து போய் வாங்கினால் கடைக்காரருக்குப் பதினைந்து ரூபாய் மிஞ்சுகிறது. நமக்குப் பசியும் நன்றாக எடுக்கிறது. இந்த உதவியைச் செய்வதற்குச் சந்தா கட்டி எந்தச் சங்கத்திலும் சேர வேண்டியதில்லை.